ஊற்றிக் கொடுத்தவர் கணக்கு

மது குடிப்பது பாவமா, குற்றமா, தனிமனித உரிமையா என்ற மூன்று கேள்விகளும், குடிப்பவர் வளர்ந்த மனிதர் என்று வைத்துக்கொண்டே கேட்கப்பட்டு வருகின்றன. பாவம் என்றால் நல்லது கெட்டது தெரிந்து செய்திருக்க வேண்டும். குற்றம் என்றால் விளைவை அறிந்திருக்க வேண்டும். உரிமை என்றால் தன் நலனைத் தானே எடைபோடும் பக்குவம் வந்திருக்க வேண்டும். கிளாஸைப் பிடித்திருப்பது 15 வயதுப் பையன் என்றால் மூன்று கேள்விகளும் தடுமாறுகின்றன. எடைபோட வேண்டிய மூளை அந்த வயதில் இன்னும் கட்டி முடிக்கப்படவில்லை. மது போய்ச் சேர்வதும் அந்தக் கட்டுமானத்துக்குள்தான். தன்னைத் தானே ஆளும் திறன் முற்றுமுன், அந்தத் திறனையே குலைக்கும் ஒன்றைப் பிள்ளை குடித்தால், அது யார் கணக்கில் சேரும் என்பதே இங்கே எழும் அறவியல் கேள்வி.

இந்தக் கேள்வியைச் சேலம், நாமக்கல் சமவெளியில் வைத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. மதராஸ் மாகாணத்தின் முதல் மதுவிலக்கு இங்கேதான் தொடங்கியது. திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் 1925இல் காந்தி ஆசிரமம் அமைத்த ராஜாஜி, மதுவிலக்குப் பிரசாரத்துக்கென்றே அங்கிருந்து ‘விமோசனம்’ என்ற இதழை நடத்தினார். கல்கி அதில் துணையாக இருந்தார். ராஜாஜி மாகாணப் பிரதமரானதும் 1937 அக்டோபர் 1 அன்று சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு அமலுக்கு வந்தது. காவிரிக் கரையில் அணைக்கட்டும் ராஜவாய்க்காலும் கொண்ட ஜேடர்பாளையம் அன்று அந்த ஜில்லாவுக்குள் இருந்தது. ஆற்றின் எதிர்க்கரை கோயம்புத்தூர் ஜில்லா. அங்கே சட்டம் செல்லாது. ஒரே ஆறு, ஒரே பேச்சு, இரு கரையிலும் கொடுக்கல் வாங்கல். ஆனாலும் இந்தக் கரையில் குற்றமாக இருந்தது பரிசல் ஏறிப் போனால் குற்றம் இல்லை. பாவமும் சட்டமும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிட எளிய சான்று தேட வேண்டியதில்லை.

அந்த இயக்கத்தின் அக்கறை முழுவதும் கூலியைக் கள்ளுக்கடையில் தொலைத்த குடும்பத் தலைவன் மேல் இருந்தது. பிள்ளை அதில் வந்தது தகப்பன் குடித்ததால் பட்டினி கிடந்த வயிறாகத்தான், குடிப்பவனாக அல்ல. காலத்தை எண்ணிப் பார்த்தால் அதைக் குறை சொல்லவும் முடியாது. வருவாய் இழப்பை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1971இல் விலக்கப்பட்டது, 1974இல் திரும்ப வந்தது, 1981இல் மீண்டும் கடைகள் திறந்தன, 2003இல் சில்லறை விற்பனையை டாஸ்மாக் மூலம் அரசே எடுத்துக்கொண்டது. இத்தனை திருப்பங்களிலும் விவாதம் வளர்ந்த ஆணைச் சுற்றியே நடந்தது. இந்தியா முழுவதும் நடத்தப்பட்டு 2019இல் வெளியான எய்ம்ஸ் கணக்கெடுப்பு, 10 முதல் 17 வயதுக்குட்பட்டோரில் 1.3 சதவீதம் பேர் மது குடிப்பதாகக் கூறியது. விழுக்காடு சிறிதுதான், நாட்டின் மக்கள்தொகையோடு பெருக்கிப் பார்த்தால் லட்சக்கணக்கான பிள்ளைகள்.

சமயங்கள் குடியைப் பற்றிச் சொன்னதைத் தொகுத்துப் பார்த்தால் ஒன்று கண்ணில் படும். பெரும்பாலும் அவை மதுவைத் தீட்டான பொருளாகப் பேசுவதைவிட, அறிவைக் கெடுப்பதாகவே பேசுகின்றன. திருவள்ளுவர் புலால் மறுத்தலை அறத்துப்பாலில் துறவறத்தின்கீழ் வைத்தார். கள்ளுண்ணாமையைப் பொருட்பாலில், வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் நடுவே வைத்தார். புலாலை விடுவது துறவியின் நோன்பு. கள்ளை விடுவது உலகியலில் வாழ்பவனுக்கே வேண்டியது என்ற வைப்பு முறை அது. அந்த அதிகாரத்தில் நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தும் பேச்சு இல்லை. மதிப்பு போகும், நாணம் போகும், பெற்ற தாயே முகம் சுளிப்பாள், விலை கொடுத்து மெய்யறியாமையை வாங்குவது மடமை என்பவைதான் காரணங்கள். பௌத்தத்தின் ஐந்தாம் சீலம் மதுவை விலக்குவது, அது கவனமின்மைக்கு இடம் கொடுக்கிறது என்பதற்காக. சமணம் கள், ஊன், தேன் மூன்றையும் இல்லறத்தாருக்கும் விலக்கியது. மணிமேகலையில் கப்பல் உடைந்து நாகர் நாட்டில் ஒதுங்கிய சாதுவனுக்குக் கள்ளும் ஊனும் பெண்ணும் விருந்தாகத் தரப்படுகின்றன. அவன் மறுத்து, மயக்கம் தருவதை அறிந்தோர் ஏன் நீக்கினார்கள் என்று நாகர் தலைவனுக்கு விளக்குகிறான். திருமூலரும் முதல் தந்திரத்தில் கள்ளுண்ணாமைக்குத் தனிப் பகுதி ஒதுக்கி, சிவானந்தத்தையே உண்ணத் தகுந்த கள்ளாகச் சொல்கிறார்.

கொங்கு நாட்டின் ஊர்ச் சாமிகளை விட்டுவிட்டு இதைப் பேசினால் பாதிக் கதைதான். கருப்பனாருக்கும் முனியப்பனுக்கும் சாராயமும் சுருட்டும் வைத்துப் படைப்பது இன்றும் உண்டு. சங்க காலத்தில் தகடூர் அதியமானும் ஔவையாரும் சேர்ந்து கள் அருந்தியதைப் புறநானூறு மறைக்கவில்லை. அந்த நட்பின் நினைவாகவே அது அங்கே நிற்கிறது. ஆகவே தமிழ் மரபு முழுவதும் மதுவை வெறுத்தது என்பது பிற்காலக் கற்பனை. ஆனால் இந்த இரண்டு இடத்திலும் குடிப்பவர் வளர்ந்தவர். குடிப்பதற்கு நாளும் அளவும் கூட்டமும் இருந்தன. மரபைக் காட்டிப் பள்ளிப் பையனின் கிளாஸுக்கு நியாயம் தேடுவது பொருந்தாது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. சில சமயங்கள் குடித்தவனோடு கணக்கை முடித்துக்கொள்ளவில்லை. இல்லறத்தார் செய்யக் கூடாதென்று புத்தர் விலக்கிய ஐந்து வணிகங்களில் ஆயுதம், உயிர்கள், இறைச்சி, நஞ்சு ஆகியவற்றோடு மதுவும் ஒன்று. நபிமொழி மரபில் மதுவோடு தொடர்புடைய பத்துப் பேர் மீது பழி விழுகிறது: குடிப்பவர் அதில் ஒருவர் மட்டுமே, பிழிந்தவர், சுமந்தவர், விற்றவர், வாங்கியவர், ஊற்றிக் கொடுத்தவர், விலையைத் தின்றவர் எல்லாரும் அந்தப் பட்டியலில் உண்டு. அதே மரபு, பருவமடையாத குழந்தையின் செயல்கள் எழுதப்படுவதில்லை என்றும் சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், பத்துப் பேரில் குழந்தை விடுபட்டுப்போகும். மற்றவர்கள் அப்படியே இருப்பார்கள்.

இனி மூளைக்கு வருவோம். மனித மூளையின் பருமன் 6 வயதுக்குள் ஏறக்குறைய முழு அளவை எட்டிவிடுகிறது. அதனால்தான் பதின்பருவத்தில் அதற்கு இனி வேலை இல்லை என்று நீண்ட காலம் நினைத்தார்கள். 1990களில் எம்ஆர்ஐ கருவியால் ஒரே பிள்ளைகளை ஆண்டு ஆண்டாகப் படம் எடுத்துப் பார்த்தபோது அந்த எண்ணம் மாறியது. பதின்பருவம் தொடங்கும் தறுவாயில் முன்மூளையின் சாம்பல்நிறப் பொருள் உச்சத்தைத் தொட்டு, பிறகு மெல்லிதாகத் தொடங்குகிறது. பயன்படாத நரம்பிணைப்புகள் களையப்படுகின்றன, பயன்படுபவை வலுக்கின்றன. கூடவே நரம்பு இழைகளின் மேல் மையலின் என்ற கொழுப்புறை படர, வெண்பொருள் கூடி, செய்தி விரைவாக ஓடுகிறது. இந்த வேலை பின்மூளையிலிருந்து முன்னோக்கி நகர்ந்து நெற்றிக்குப் பின்னுள்ள முன்மூளைப் புறணியில் கடைசியாக முடிகிறது. அப்போது வயது 25ஐ நெருங்கியிருக்கும். திட்டமிடுதல், ஆசையை ஒத்திப்போடுதல், விளைவை முன்கூட்டி எண்ணுதல், வாயில் வந்த சொல்லை விழுங்குதல் எல்லாம் அந்தப் புறணியின் பொறுப்பு. டோபமைனைக் கொண்டு இன்பத்தையும் பரிசையும் உணர்த்தும் உள்மூளைப் பகுதிகளோ பருவமடையும்போதே சுறுசுறுப்பாகிவிடுகின்றன. வேட்கை முந்திக்கொள்கிறது, கட்டுப்பாடு பின்னால் வருகிறது. ஜேடர்பாளையம் பக்கத்து வெல்ல ஆலைகளில் கொப்பரையில் பாகு பதம் வரும் நேரம் எப்படியோ அப்படித்தான் இந்தப் பத்தாண்டு: அப்போது விழுந்த தூசி அச்சில் வார்த்த வெல்லத்தோடு உறைந்துவிடும்.

மது இந்த இடத்தில் இரு வழிகளில் வேலை செய்கிறது. நரம்புகளை அடக்கும் காபா ஏற்பிகளின் செயலைக் கூட்டுகிறது. கற்றலுக்கும் நினைவுக்கும் இன்றியமையாத குளூட்டமேட் ஏற்பிகளைத் தடுக்கிறது. வளர்ந்தவருக்கும் இதேதான் நடக்கிறது என்றாலும் எதிர்வினை வேறு. ஆராய்ச்சிக்கூடத்தில் 15 வயதுப் பிள்ளைக்கு மது கொடுத்துப் பார்க்க எந்த நெறிக்குழுவும் சம்மதிக்காது. (ஆற்றங்கரையில் நண்பர் கூட்டத்துக்கு அப்படி நெறிக்குழு எதுவும் இல்லை.) அதனால் இளம் எலிகளில் சோதித்தார்கள். வளர்ந்த எலியைத் தள்ளாடவும் தூங்கவும் வைக்கும் அளவு இளம் எலியை அவ்வளவாகப் பாதிப்பதில்லை. நினைவைப் பொறுத்தவரை இளம் எலிக்கே சேதம் அதிகம். மனிதப் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளும் இதற்கு முரணாக இல்லை. இதன் பொருள் கொடுமையானது. போதும் என்று உடம்பு சொல்லும் எச்சரிக்கை, அது மிகவும் தேவைப்படும் வயதில், தாமதமாக வருகிறது. ‘நம்ம பையன் எவ்வளவு குடிச்சாலும் ஸ்டெடி’ என்று கூட்டத்தில் பெருமையாகச் சொல்லப்படுவது திறமையைப் பற்றிய பாராட்டு அல்ல. முற்றாத மூளையின் அடையாளம்.

அளவைச் சொன்னால் இது தெளிவாகும். தமிழ்நாட்டில் விற்கப்படும் பிராந்தி, ரம், விஸ்கியில் மதுசாரம் 42.8 சதவீதம். 180 மில்லி கொண்ட ஒரு குவார்ட்டரில் தூய மதுசாரம் ஏறக்குறைய 60 கிராம். ஒரே அமர்வில் 60 கிராமோ அதற்கு மேலோ குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் மிகை அமர்வுக் குடியாகக் கணக்கிடுகிறது. அதுவும் பெரியவர்களுக்கான அளவுகோல். இரண்டு பேர் ஒரு குவார்ட்டரைக் ‘கட்டிங்’ போட்டால்கூட ஆளுக்கு 30 கிராம் இறங்குகிறது. விடுமுறை நாளில் அணைக்கட்டுக்குக் குளிக்க வந்து, மீன் வறுவலோடு ஒரு குவார்ட்டரை முடிக்கும் மாணவன் தன்னை மொடாக்குடியன் என்று நினைக்க மாட்டான். உலக அளவுகோலில் அந்த ஒரு மதியமே மிகைக்குடி. குடித்த பின் ஓடும் தண்ணீரில் இறங்குவது உடனடி ஆபத்து. எல்லாருக்கும் கண்ணில் படுவது அது ஒன்றுதான்.

கண்ணில் படாதது மெல்ல நடக்கிறது. பதின்பருவத்தில் மிகையாகக் குடித்தவர்களிடம் புது நினைவுகளைப் பதியும் ஹிப்போகேம்பஸ் பகுதி சிறுத்திருப்பதைச் சில ஆய்வுகள் கண்டன. 12 முதல் 21 வயதுவரை உள்ள 800க்கும் மேற்பட்டோரை ஆண்டுகணக்கில் தொடர்ந்துவரும் அமெரிக்க ஆய்வு ஒன்றில், அதிகம் குடிக்கத் தொடங்கியவர்களுக்கு முன்மூளைச் சாம்பல்நிறப் பொருள் இயல்பைவிட வேகமாகக் குறைந்தது. வெண்பொருளின் வளர்ச்சி மந்தப்பட்டது. 1997இல் வெளியான இன்னொரு அமெரிக்க ஆய்வின்படி, 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களில் சுமார் 40 சதவீதம் பேர் வாழ்க்கையில் ஏதோ ஒரு கட்டத்தில் குடிக்கு அடிமையானார்கள்; 20 வயது கடந்து தொடங்கியவர்களில் அது சுமார் 10 சதவீதம்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு உண்டு. குடி மூளையை மாற்றியதா, மாறுபட்ட மூளை கொண்டவர்கள்தாம் சீக்கிரம் குடிக்க வந்தார்களா? அமெரிக்காவில் சுமார் 10,000 சிறாரின் படங்களை வைத்து 2024 இறுதியில் வெளியான பகுப்பாய்வு, சீக்கிரம் போதையைத் தொட்டவர்களிடம் காணப்பட்ட மூளை வேறுபாடுகள் பலவும் அவர்கள் அதைத் தொடுவதற்கு முன்பே இருந்தன என்று காட்டியது. விலங்குச் சோதனைகள் மதுவே கெடுப்பதையும் காட்டுகின்றன. இரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்கலாம். அறிவியலுக்கு இது தீராத வழக்கு. அறவியலுக்கோ தீர்ப்பு மாறவில்லை. மூளை ஏற்கெனவே சாய்ந்திருந்தது என்றால் அது பிள்ளை தேர்ந்துகொண்டதல்ல. மது சாய்த்தது என்றால் அந்த விளைவை எடைபோடும் கருவி அவனிடம் முழுதாக இல்லை. எந்தப் பக்கம் போனாலும் குற்றச்சாட்டு பையனைத் தாண்டித்தான் நிற்கிறது.

வயதுக்கும் பொறுப்புக்கும் உள்ள தொடர்பைப் பழையவர்களும் யோசித்திருக்கிறார்கள். மகாபாரதத்தின் ஆதி பருவத்தில் ஆணிமாண்டவ்யர் கதை வருகிறது. கள்வர்கள் அவர் ஆசிரமத்தில் ஒளிந்ததால் செய்யாத திருட்டுக்காகக் கழுவேற்றப்பட்ட முனிவர், எந்த வினைக்கு இந்தத் தண்டனை என்று தருமதேவனிடம் கேட்கிறார். சிறுவனாக இருந்தபோது பூச்சிகளைப் புல்லால் குத்தியதற்கு என்கிறான் அவன். அறியாத வயதில் செய்த சிறு பிழைக்கு இவ்வளவு பெரிய தண்டனையா என்று சினந்த முனிவர், தருமனே மண்ணில் பிறக்கும்படி சபிக்கிறார். விதுரராகப் பிறந்தது அவன்தான். அத்தோடு, 14 வயது வரை செய்வது எதுவும் பாவமாகாது என்று எல்லையும் வகுத்துவிடுகிறார். தீர்ப்பு சொல்பவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய கதை இது. குழந்தையைத் தண்டிக்கும் அறம், தானே தண்டனைக்குரியது என்று சொல்லும் துணிவு அதில் இருக்கிறது.

கிரேக்கத்தில் பிளேட்டோ தம் ‘சட்டங்கள்’ நூலில் 18 வயதுக்குள் யாரும் மதுவைத் தொடவே கூடாது, 30 வரை அளவோடு குடிக்கலாம், 40க்கு மேல் தடையில்லை என்று வகுத்தார். எம்ஆர்ஐ இல்லாத காலத்தில் இளமையின் கொதிப்பை மட்டும் பார்த்துச் சொன்னது அது. 1859இல் ‘சுதந்திரம் பற்றி’ எழுதிய ஜான் ஸ்டூவர்ட் மில், பிறருக்குத் தீங்கு செய்யாதவரை தனிமனிதர் வாழ்க்கையில் அரசு தலையிடக் கூடாது என்று வாதிட்டவர்; மதுவிலக்குச் சட்டங்களையும் அதே நூலில் எதிர்த்தவர். அவரே தம் கொள்கை பக்குவமடைந்தவர்களுக்குத்தான், சட்ட வயதை எட்டாதவர்களுக்கு அல்ல என்று தொடக்கத்திலேயே விலக்கு வைத்துவிட்டார். குடிக்கும் உரிமைக்கு வலுவாக வாதாடியவரிடமும் பள்ளிப் பையனுக்கு இடம் கிடைக்கவில்லை.

ஆனால் இந்த வாதத்தை இழுத்தால் எங்கே போய் நிற்கும் என்றும் பார்க்க வேண்டும். மூளை 25இல்தான் முற்றும் என்றால் 18இல் வாக்குரிமை எதற்கு? பிளஸ் டூ படிக்கும் பிள்ளை தன் வாழ்க்கைப் படிப்பைத் தானே தேர்ந்துகொள்ள வேண்டும் என்று நாமக்கல்லின் விடுதிப் பள்ளிகள் எதிர்பார்க்கின்றன. அதே பிள்ளைக்கு ஒரு கிளாஸை மறுக்கும் பொறுப்பு இல்லை என்பது முரண் அல்லவா? முரண்தான், ஆனால் மேலோட்டமானது. வாக்கோ படிப்போ தவறிப்போனால் அடுத்த முறை திருத்தத் தெளிந்த மூளை மிஞ்சியிருக்கும். இளமையில் பழகிய குடி, திருத்த வேண்டிய மூளையிலேயே கை வைக்கிறது. பயிற்சியால் வளரும் சுதந்திரத்தையும், பயிற்சியையே கெடுக்கும் சுதந்திரத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இதனால் பதின்பருவத்தினரை எதற்கும் லாயக்கற்றவர்களாக நடத்தலாம் என்று முடிவு கட்டுவதும் தவறு. அவர்களுக்குப் பொறுப்பு உண்டு. முழுப் பொறுப்பு இல்லை.

‘கள் உணவு, அதை மதுவோடு சேர்க்காதீர்கள்’ என்ற வாதம் கொங்குப் பகுதி விவசாயிகளிடம் வலுவாக உண்டு; தடையை நீக்கக் கோரும் இயக்கமும் இங்கேதான் வேர்விட்டிருக்கிறது. தென்னை, பனை விவசாயியின் வருமானம் என்ற கோணத்தில் அதில் நியாயம் இருக்கலாம். புளிக்காத பதநீரில் மதுசாரம் இல்லை. புளித்த கள்ளில் உண்டு, அது குவார்ட்டரைவிடப் பல மடங்கு குறைவானாலும். வளரும் மூளைக்கு அது மரத்திலிருந்து இறங்கியதா ஆலையிலிருந்து வந்ததா என்ற வேறுபாடு தெரியாது. ‘வீட்டிலேயே கொஞ்சம் கொடுத்துப் பழக்கினால் வெளியே போய் அளவு மீற மாட்டான்’ என்பது இன்னொரு நம்பிக்கை. படித்த வீடுகளிலும் கேட்கலாம். ஆய்வுகள் அதற்குத் துணை நிற்கவில்லை. பெற்றோர் கையால் வாங்கிக் குடித்த பிள்ளைகள் பின்னாளில் குறைவாகக் குடித்ததாகக் காட்டப்படவில்லை.

நாட்டின் சட்டம் இந்த விஷயத்தில் வியக்கத்தக்க தெளிவோடு இருக்கிறது. தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், பிரிவு 77இல், மருத்துவர் ஆணையின்றிக் குழந்தைக்கு மது கொடுப்பவருக்கும் கொடுக்கச் செய்பவருக்கும் 7 ஆண்டு வரை கடுங்காவலும் 1 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது; குழந்தை என்றால் 18 வயது நிரம்பாதவர். குடித்த பிள்ளைக்கு அந்தப் பிரிவில் தண்டனை இல்லை. ஆணிமாண்டவ்யர் கேட்டதும் ஏறக்குறைய இதுதான். கடையில் வயது கேட்காமல் எடுத்துக் கொடுப்பவர், ‘தம்பி, நீயும் ஒரு வாய் போடு’ என்று கல்யாண வீட்டுக் கொல்லையில் கிளாஸை நீட்டும் மாமன், பையனைக் கடைக்கு அனுப்பி வாங்கிவரச் சொல்லும் தகப்பன் எல்லாரும் இந்தக் கணக்கில் வருகிறார்கள். அரசும் வெளியே நிற்க முடியாது. மதுவிலக்கைக் கொண்டுவர முயல வேண்டும் என்று அரசியல் சாசனத்தின் 47ஆம் பிரிவு அறிவுறுத்த, மது விற்பனையிலிருந்து ஆண்டுக்கு 40,000 கோடி ரூபாய்க்கு மேல் வருவாய் வருகிறது. புத்தர் விலக்கிய வணிகத்தை அரசு நடத்துகிறது என்றால், 21 வயது என்ற ஒற்றை நிபந்தனையையாவது எழுத்துக்கு எழுத்துக் காப்பது அதன் குறைந்தபட்சக் கடன்.

பொறுப்பு யாருடையது என்று தெரிந்தால் வீட்டில் நடக்க வேண்டியதும் மாறும். பிள்ளை குடித்துவிட்டு வந்தான் என்றால் அடிப்பதும், கோயிலில் சத்தியம் வாங்குவதும், ஊரார் முன் அவமானப்படுத்துவதும் முழு மனிதனுக்கான தண்டனையை முற்றாத மனிதன்மேல் சுமத்துவது. அந்த வயது மூளை கெடுவதில் விரைவானது போலவே, நிறுத்தினால் தேறுவதிலும் வல்லது. இழந்த நினைவுத் திறனும் கவனமும் ஓரளவு திரும்புகின்றன. முதலில் கேட்க வேண்டியது யார் வாங்கிக் கொடுத்தது, எங்கே குடித்தான் என்பதை. அடுத்தது மருத்துவ உதவி. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. 14446 என்ற தேசிய போதை மீட்பு உதவி எண்ணை எந்த ஊரிலிருந்தும் கட்டணம் இல்லாமல் அழைக்கலாம்.